ஆபீஸுக்கு நீங்கள் புது ஆளா? முதல் மூன்று மாதத்துக்கு ஒரு வழிகாட்டி

வேலையில் சேர்ந்த அன்று எச்.ஆர். ஒரு படம் காட்டுவார். மேலே ஒரு பெட்டி, அதற்குக் கீழே நாலு பெட்டி, அதற்கும் கீழே எங்கோ உங்கள் பெயர். யார் யாருக்குக் கீழே என்பது அதில் சரியாகத்தான் இருக்கும். யாரிடம் போனால் காரியம் நடக்கும், யார் முகம் சுளித்தால் மேனேஜரே பின்வாங்குவார், எந்த இரண்டு பேர் மூன்று வருஷமாக மெயிலில் மட்டும் பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. அதை நீங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும் முன் துள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

நான் சேர்ந்து மூன்றாவது வாரம். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் நிரப்பி அனுப்பும் எக்ஸெல் ஷீட் ஒன்று இருந்தது. அதில் ஒரே எண்ணை இரண்டு இடத்தில் போட வேண்டும். இது என்ன கூத்து என்று சனி, ஞாயிறு உட்கார்ந்து அதைச் சீராக்கி, திங்கள் காலை மேனேஜர் உட்பட அத்தனை பேருக்கும் அனுப்பினேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஒருவரும் பயன்படுத்தவும் இல்லை. அந்த ஷீட்டைப் போட்டவர் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த சீனியர் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. முன்பொரு முறை இரண்டு பிரிவுகளுக்குள் கணக்கு உதைத்து, ஒருவர் எண்ணை மற்றவர் நம்பாமல் போயிருக்கிறது. ஆளுக்கொரு இடத்தில் தனித்தனியாக நிரப்பட்டும் என்று அவர்தான் அந்தச் சண்டையைத் தீர்த்திருக்கிறார். நான் பிழை என்று நினைத்தது ஒரு சமாதான ஒப்பந்தம்.

புது இடத்தில் எந்தப் பழக்கம் அபத்தமாகத் தெரிகிறதோ, அது பெரும்பாலும் யாரையோ எதிலிருந்தோ காத்துக்கொண்டிருக்கும். எதைக் காக்கிறது என்று தெரிந்த பிறகு கை வையுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

முதல் நாள்: நீங்கள் வந்ததே ஒரு சலனம்

ஐந்து பேர் இருக்கும் டீமில் இருவர் இருவராகக் கணக்குப் போட்டால் 10 உறவுகள் வரும். ஆறாவதாக நீங்கள் நுழைந்ததும் அது 15 ஆகிவிடுகிறது. பத்துப் பேர் டீம் என்றால் 45. ஆள் கூடியது ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருவரும் புதிதாகச் சமாளிக்க வேண்டிய ஒரு உறவு கூடியிருக்கிறது. குழு இயக்கவியல் என்ற துறைக்கு 1940களில் அடித்தளம் போட்ட கர்ட் லெவின் இதைத்தான் வலியுறுத்தினார்: குழுவில் ஒரு பகுதி அசைந்தால் மற்றப் பகுதிகளும் அசையும்.

அதனால் முதல் சில நாள் யாராவது முறைப்பாக இருந்தால் உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களும் உங்களை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் நாற்காலியில் முன்பு இருந்தவர் யாருடைய நெருங்கிய நண்பரோ? உங்கள் பதவிக்கு உள்ளேயே ஒருவர் காத்திருந்தாரோ? இதுதான் உங்கள் முதல் வீட்டுப்பாடம். “எனக்கு முன்னாடி இந்த வேலையை யார் பாத்துக்கிட்டு இருந்தாங்க?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். எது உண்மை என்று துருவ வேண்டியதில்லை. யார் எந்தக் கதையைச் சொல்கிறார் என்பதே போதுமான தகவல்.

முதல் இரண்டு வாரம்: இன்னொரு படம்

ஜேக்கப் மொரீனோ என்ற மனநல மருத்துவர் 1930களில் ஒரு எளிய முறையை வகுத்தார். ஒரு கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் “யாரோடு சேர்ந்திருக்க விரும்புகிறாய்?” என்று கேட்டு, பதில்களைக் கோடுகளாக வரைந்தார். சிலரை நோக்கி ஏராளமான கோடுகள் போகும். சிலரிடம் ஒன்றுகூட வராது. இரண்டு கும்பலுக்கு நடுவில் ஒரே ஒரு ஆள் பாலமாக நிற்பார். நீங்கள் யாரிடமும் கேள்வி கேட்க வேண்டாம், கண்ணால் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சிஸ்டம் மக்கர் பண்ணினால் ஐ.டி.க்கு டிக்கெட் போடும் முன் யாருடைய மேஜைக்குப் போகிறார்கள்? மதிய இடைவேளையில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? மீட்டிங்கில் மேனேஜர் ஒரு கேள்வி கேட்டதும், பதில் சொல்வதற்கு முன் மற்றவர்கள் யார் முகத்தைப் பார்க்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி பொன்னானது. அந்த முகத்துக்கு உரியவர்தான் அந்த டீமின் உண்மையான எடை. பெரும்பாலும் அவருடைய பதவி சாதாரணமாகத்தான் இருக்கும்.

பாலமாக இருப்பவரையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். கணக்குப் பிரிவுக்கும் உங்கள் பிரிவுக்கும் ஆகாது என்றால்கூட அங்கே போய்ச் சிரித்துப் பேசிவிட்டு வரக்கூடிய ஒருவர் இருப்பார். ஓசைப்படாமல் பாதி ஆபீஸை ஓட்டுவது அவர்தான்.

படத்தை மனதில் வரையுங்கள். காகிதத்தில் வரைந்து டிராயரில் வைத்துவிட்டு மாட்டிக்கொண்டவரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் அவரோடு யாரும் பேசவில்லை.

வாட்ஸ்ஆப் குரூப்புகளும் இந்தப் படத்தில் சேர்த்திதான். மேனேஜர் இருக்கும் குரூப் ஒன்று, மேனேஜர் இல்லாத குரூப் ஒன்று, அதிலிருந்து குறிப்பிட்ட ஒருவரை மட்டும் விட்டுவிட்டு இன்னொன்று. இரண்டாவதில் உங்களைச் சேர்க்க நாளாகும். “என்னையும் சேர்த்துக்கோங்க” என்று கேட்காதீர்கள். சேர்த்த பிறகு ஒரு வாரம் படித்துக்கொண்டு மட்டும் இருங்கள். அங்கிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட்கூட வெளியே போகக் கூடாது. மூன்றாவது குரூப்புக்கு அழைப்பு வந்தால் அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எழுதாத சட்டம்

இதுதான் புது ஆட்கள் அதிகமாக அடிபடும் இடம். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சிகாகோவை ஒட்டிய சிசெரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தோர்ன் ஆலை இருந்தது. 1931 நவம்பரில் தொடங்கி 1932 மே வரை, அங்கே தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் வேலையில் இருந்த 14 ஆண்களைத் தனி அறையில் வேலை செய்யவிட்டு, ஓரமாக உட்கார்ந்து ஆய்வாளர் ஒருவர் கவனித்தார். எல்லோருடைய உற்பத்தியையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சம்பளம் தரும் முறை அது. அதிகம் செய்தால் அதிகம் கிடைக்கும். ஆனாலும் அவர்கள் ஒரு நாளுக்கு இரண்டு கருவிகள், அதாவது ஏறக்குறைய 6,000 முதல் 6,600 இணைப்புகள், அதோடு போதும் என்று தங்களுக்குள் முடிவு கட்டியிருந்தார்கள். யாரும் அதை எழுதி ஒட்டவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அதைத் தாண்டி வேகம் காட்டுகிறவருக்கு ஒரு கேலிப்பெயர் இருந்தது. மிகக் குறைவாகச் செய்கிறவருக்கு ஒன்று. மேலதிகாரியிடம் போய்ச் சொல்கிறவருக்கு இன்னொன்று. நம் பாஷையில் ரொம்பத் துள்ளுகிறவன், ஓபி அடிக்கிறவன், போட்டுக்கொடுக்கிறவன். தண்டனையும் உண்டு. புஜத்தில் ஓங்கி ஒரு குத்து. அந்தச் சின்ன அறைக்குள் முன்பக்கம் ஒரு கோஷ்டி, பின்பக்கம் ஒரு கோஷ்டி வேறு. எல்லோரையும்விடக் குறைவாக உற்பத்தி காட்டியவர் அறிவுத்திறன் தேர்வில் முதலிடம் பெற்றவர் என்பது எனக்குப் பிடித்த விவரம். வேகத்தைத் தீர்மானித்தது திறமை இல்லை, எந்தக் கோஷ்டியில் இருந்தார் என்பதுதான்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? இன்று ஒருவன் 8,000 செய்தால் நாளை அதுவே எல்லோருக்கும் இலக்காகிவிடும், கூலி விகிதம் குறையும், மெதுவான ஆளுக்கு வேலை போகும் என்ற பயம். பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த காலம் அது. வெளியிலிருந்து பார்த்தால் சோம்பேறித்தனம். உள்ளேயிருந்து பார்த்தால் காப்பீடு.

இப்போது உங்கள் ஆபீஸுக்கு வாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வரும் மெயிலுக்கு அடுத்த நாள்தான் பதில் போடுகிறார்கள், நீங்கள் ஒருவர் மட்டும் இரவு பதினொன்றுக்குப் பதில் அனுப்புகிறீர்கள். மேனேஜர் பாராட்டுவார். அடுத்த வாரத்திலிருந்து எல்லோரிடமும் அதையே எதிர்பார்ப்பார். புஜத்தில் யாரும் குத்த மாட்டார்கள். வேண்டிய ஃபைலைக் கேட்டால் மூன்று நாள் கழித்து வரும், அவ்வளவுதான்.

அதற்காக நீங்களும் மெதுவாகச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டால் மிச்ச நேரத்தைப் பக்கத்து ஆளின் வேலைக்குக் கொடுங்கள். வேகத்தை மேலே காட்டினால் அது மற்றவர்களுக்கு மிரட்டல், பக்கத்தில் கொடுத்தால் உதவி. எழுதாத சட்டங்களைக் கண்டுபிடிக்க நேரடி வழியும் உண்டு. “இங்க புதுசா வர்றவங்க வழக்கமா என்ன தப்பு பண்ணுவாங்க?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத சீனியரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

முதல் மாதம்: கையிருப்பு சேருங்கள்

எட்வின் ஹாலண்டர் என்ற உளவியலாளர் 1958இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒருவர் குழுவின் வழக்கத்துக்கு ஒத்துப்போய், காரியத்திலும் கெட்டிக்காரர் என்று காட்டும்போது அவருக்கு ஒரு கையிருப்பு சேருகிறது. பின்னால் வழக்கத்தை மீறும்போது அந்த இருப்பிலிருந்து கழியும். இருப்பு இல்லாமல் மீறினால் ஒதுக்கிவிடுவார்கள். நான் மூன்றாவது வாரத்திலேயே செலவு செய்யப் போனவன்.

சேர்ப்பதற்குப் பெரிய சாகசம் எதுவும் வேண்டாம். “மதியத்துக்குள்ள அனுப்புறேன்” என்று சொன்னதை மதியத்துக்குள் அனுப்புங்கள். ஒருவர் உதவி செய்தால் அவர் இல்லாத இடத்தில் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். எப்படியும் அவர் காதுக்குப் போய்விடும். மீட்டிங்கில் குறிப்பெடுப்பது போல யாரும் விரும்பாத ஒரு வேலையை ஓரிரு முறை நீங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிரு முறைதான். முதல் மாதத்தில் தலையில் ஏற்றிக்கொண்ட எடுபிடி வேலை வருஷக் கடைசியிலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

உதவி கேட்கவும் தயங்காதீர்கள். 1969இல் ஜெக்கர், லாண்டி என்ற இருவர் செய்த சோதனை வேடிக்கையானது. போட்டியில் பணம் வென்றவர்களிடம் ஆய்வாளரே தனிப்பட்ட முறையில் “அந்தப் பணத்தைத் திருப்பித் தர முடியுமா?” என்று கேட்டார். கொடுத்தவர்கள் அவரைக் கூடுதலாக விரும்பினார்கள். ஒருவருக்கு நாம் செய்த உதவி, அவர் நல்லவர்தான் என்று நம்மையே நம்பவைக்கிறது போலும். பத்து நிமிஷத்தில் முடிகிற உதவியாகக் கேளுங்கள். ஒரே ஆளிடம் ஒரே விஷயத்தை மூன்றாம் முறை கேட்டால் கதை மாறிவிடும்.

கோஷ்டி இழுக்கும்போது

இழுப்பார்கள். ஹென்றி தாய்ஃபெல் என்ற உளவியலாளர் 1970வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களை இரண்டாகப் பிரித்தார். எந்த ஓவியரின் படம் பிடித்தது என்பதை வைத்துப் பிரித்ததாக அவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததுதான். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாத நிலையிலும், காசைப் பங்கிடச் சொன்னபோது தங்கள் பக்கத்துக்கு அதிகம் கொடுத்தார்கள். கோஷ்டி சேர இவ்வளவு அற்பமான காரணமே போதும் என்றால், ஆறு வருஷப் பதவி உயர்வுப் பகை உள்ள ஆபீஸைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

வழக்கமாக ஒரு கதையோடு வருவார்கள். “அவர்கிட்ட ஜாக்கிரதையா இரு” என்று. மறுத்துப் பேசினால் எதிரியாவீர்கள், தலையாட்டினால் கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள். “எனக்கு அவரோட இன்னும் பழக்கமே இல்ல சார், பாத்துக்குறேன்” என்று சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்கு வந்துவிடுங்கள். இதை மூன்று முறை ஒரே மாதிரி சொன்னால் நான்காவது முறை வர மாட்டார்கள். ஒருவரை விட்டுவிட்டுத் தொடங்கிய வாட்ஸ்ஆப் குரூப்பில் சேர அழைத்தால், “ஏற்கெனவே குரூப் அதிகமாயிடுச்சு, முக்கியமானா எனக்குத் தனியா சொல்லுங்க” என்று நழுவுவதே மேல்.

இடைவேளையில் ஒரே கும்பலோடு மட்டும் உட்காராதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது மற்றப் பக்கம் போங்கள். முதல் மாதத்திலேயே இதை வழக்கமாக்கிவிட்டால் “இவன் எல்லோர்கூடவும் இருப்பான்” என்று விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் ஒரே இடத்தில் இருந்துவிட்டு ஏழாம் மாதம் மாறினால் துரோகி என்பார்கள்.

இங்கே ஒரு கோட்டை அழுத்திப் போட வேண்டும். சக ஊழியர் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததை மேனேஜரிடம் சொல்வது போட்டுக்கொடுப்பது. பாலியல் தொல்லை, பணமோசடி, யாருடைய உயிருக்காவது ஆபத்தான அலட்சியம் ஆகியவற்றைச் சொல்வது அந்தக் கணக்கில் வராது. “நம்ம ஆளுங்கள நாமளே காட்டிக்கொடுக்கலாமா” என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியே உங்கள் வாயை அடைக்கத்தான். தேதி, நேரம், நடந்தது என்ன என்று அன்றே எழுதி வைத்துக்கொண்டு, நிறுவனத்தில் அதற்கென்று இருக்கும் குழுவிடமோ அதிகாரியிடமோ எழுத்துமூலம் கொடுங்கள்.

மீட்டிங்கில் வாய் திறப்பது

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய கோட்டுச் சோதனை பிரபலம். காட்டிய ஒரு கோட்டுக்குச் சமமான நீளம் எந்தக் கோடு என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் கூட இருந்த எல்லோரும், ஏற்கெனவே பேசிவைத்தபடி, தவறான கோட்டைச் சொன்னபோது, விஷயம் தெரியாத அந்த ஒருவரின் பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகப் போனது. யாராவது ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது அந்தத் தவறுகள் நாலில் ஒரு பங்காகச் சுருங்கின.

இதில் புது ஆளுக்கு இரண்டு உபாயங்கள் இருக்கின்றன. மாற்றுக் கருத்து இருந்தால் மீட்டிங்குக்கு முன்பே ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். தனிக்குரலாக நிற்க வேண்டியிராது. அதே போல, வேறு யாராவது தனியாக நின்று நியாயமான ஒன்றைச் சொல்லும்போது “அதை இன்னொரு தடவை பார்க்கலாமே” என்று ஒரு வாக்கியம் சேருங்கள். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஆளும் இதைச் செய்யலாம். அந்த மனிதர் மறக்க மாட்டார்.

குழுக்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தையே திரும்பத் திரும்பப் பேசும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேஜைக்கே வராமல் போகும் என்பதை ஸ்டாசர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் 1985இல் காட்டினார்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தால் அதைக் கருத்தாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். “இது சரிப்படாது” என்றால் மல்லுக்கு நிற்பார்கள். “போன வாரம் வாடிக்கையாளர் இந்தத் தேதியைக் கேட்டிருந்தார், அதையும் கணக்கில் எடுக்கலாமா?” என்றால் யோசிப்பார்கள். “என் பழைய கம்பெனியில்...” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

தவறு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பிழை கூடுதலாக நடந்தது என்று அதற்கு அர்த்தமில்லை, பயப்படாமல் பேசினார்கள் என்று அவர் கண்டார். உங்கள் டீம் எப்படிப்பட்டது என்று அறியவும் இதுவே வழி. ஒருவர் “தப்பு என்னுது” என்றதும் அடுத்த வாக்கியம் “எப்படி சரி பண்றது?” என்று வருகிறதா, “யார் சொல்லி இப்படிப் பண்ணீங்க?” என்று வருகிறதா பாருங்கள். இரண்டாவது என்றால் எல்லாவற்றையும் மெயிலில் வைத்துக்கொள்வது நல்லது.

வேலையைப் பிரிக்கும்போது

மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கயிறு இழுக்கவைத்து அளந்து, 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரிடமிருந்தும் வந்தது, தனியாக இழுத்தபோது வந்ததில் ஏறக்குறைய பாதிதான். “நாம எல்லாரும் சேர்ந்து பாத்துக்கலாம்” என்று மீட்டிங் முடிந்தால் அந்த வேலை உங்கள் தலையில் விழும், அல்லது யாரும் செய்ய மாட்டார்கள். “முதல் பகுதியை நான் புதன்கிழமைக்குள்ள தர்றேன், ரெண்டாவது யாரு?” என்று கேட்டுவிடுங்கள். புது ஆள் கேட்டால் அது அப்பாவித்தனமாகத் தெரியும் என்பது ஒரு வசதி.

டீமே புதிது என்றால்

அப்போது எல்லோரும் புது ஆட்கள். புரூஸ் டக்மன் என்ற உளவியலாளர் 1965இல் சொன்ன வரிசை பலருக்கும் தெரிந்திருக்கும்: ஒன்றுகூடுதல், மோதல், வழக்கம் உருவாதல், வேலை ஓடுதல். எல்லா டீமும் இந்தப் படிகளில் ஒழுங்காக ஏறுவதில்லை என்பது என் அனுபவம். ஒரு ஆள் மாறினாலே திரும்ப மோதலுக்கு இறங்கிவிடும். ஆனால் இரண்டாவது மாதத்தில் சண்டை வந்தால் டீம் உடைந்துவிட்டது என்று அலறாமல் இருக்க இந்த வரிசை உதவும். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கு இதெல்லாம் இன்னும் மெதுவாக நடக்கும். வாரத்துக்கு ஒருவரை வேலை விஷயம் இல்லாமல் கால் மணி நேரம் அழைத்துப் பேசுங்கள், அதுவே போதும்.

மூன்றாவது மாதம்: முதல் செலவு

உங்களை உள்ளே எடுத்துக்கொண்டார்களா என்று எப்படித் தெரியும்? உங்களைக் கிண்டல் செய்ய ஆரம்பித்திருப்பார்கள். மீட்டிங்கில் நீங்கள் பேசாமல் இருந்தால் “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று ஒருவராவது கேட்பார். இரண்டும் நடந்திருந்தால் ஒரே ஒரு சின்ன மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தொடங்கி வைத்தவர் யார் என்று விசாரித்து, முதலில் அவரிடம் தனியாகப் போங்கள். மேனேஜர் அப்புறம்.

நான் அந்த ஷீட்டோடு மறுபடி சீனியரிடம் போனபோது ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர் வேலையில் இரண்டு முறை கை கொடுத்திருந்தேன். “இந்த ரெண்டு இடத்துல போடுறது எதுக்கு சார் ஆரம்பிச்சீங்க?” என்று மட்டும் கேட்டேன். முழுக் கதையையும் அவர் வாயால் கேட்டது அன்றுதான். சண்டை போட்ட இருவரில் ஒருவர் வேலையை விட்டுப் போய் வருஷமாகிவிட்டதாம். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீ அனுப்புனியே ஒண்ணு, அன்னைக்கே திறந்து பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

அடுத்த வெள்ளிக்கிழமை புது ஷீட் எல்லோருக்கும் போனது. அனுப்பியவர் அவர்.